எக்செல் ஷீட்டில் கிடக்கும் பாஸ்வேர்டுகளைப் பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றுவது: இரண்டு மாநிலக் கணக்கு பார்க்கும் அலுவலகத்துக்கு ஒரு விரிவான பதில்

செங்கோட்டையிலிருந்து வந்த கேள்வி இது. மூன்று பேர் வேலை பார்க்கும் கணக்கு அலுவலகம். பார்ட்டிகளில், அதாவது வாடிக்கையாளர்களில், பாதிப் பேர் தென்காசி, பாவூர்சத்திரம் பக்கம். மீதிப் பேருக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலும் கடையோ குடோனோ உண்டு. ஜிஎஸ்டி, வருமான வரி, இ-வே பில் (சரக்கு அனுப்பப் போடும் மின்னணுச் சீட்டு), பிஎஃப், இரண்டு மாநில மின்வாரியம், நிலவரி என எல்லா லாகினும் ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கின்றன. அதைப் பாஸ்வேர்டு மேனேஜருக்கு (எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே பூட்டுக்குள் வைக்கும் மென்பொருளுக்கு) கொண்டுபோய், தேடினால் உடனே கிடைக்கும்படி அடுக்குவது எப்படி?

இறக்குமதி செய்வது அரை நாள் வேலைதான். கனமான வேலை அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்னால், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று முடிவு செய்து ஷீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். பின்னால், பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும், பழைய நகல்களை அழிக்க வேண்டும். ஷீட்டில் பல காலம் கிடந்த பாஸ்வேர்டு, மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிவந்த பாஸ்வேர்டு. அதை அப்படியே புதுப் பெட்டகத்தில் (மேனேஜரின் பூட்டிய சேமிப்பில்) வைத்துப் பூட்டினாலும் வெளியே தெரிந்தது தெரிந்ததுதான். ஆகவே இடம் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

"கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே" என்று பலர் கேட்பார்கள். எக்செலில் இரண்டு விதப் பூட்டு உண்டு. கோப்பைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்பது உண்மையான மறைகுறியாக்கம், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி உள்ளே இருப்பதையே மாற்றிவிடுவது. 2007-க்குப் பிந்தைய கோப்பு வடிவத்தில் அது ஏஇஎஸ் என்ற வலுவான முறையில் நடக்கிறது. நீளமான பாஸ்வேர்டு போட்டிருந்தால் உடைப்பது கடினம். ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் போட்டிருப்பது 'ப்ரொடெக்ட் ஷீட்'. அது திருத்துவதைத் தடுப்பதற்காக வந்த வசதி. உள்ளே இருப்பதை அது மறைகுறியாக்குவதில்லை. சில நிமிடங்களில் நீக்கிவிடலாம். மறைத்து வைத்த நெடுவரிசையும் அப்படித்தான்.

முதலில் கழிக்க வேண்டியவை. பார்ட்டியின் நெட்பேங்கிங் பாஸ்வேர்டு, பணப் பரிமாற்றப் பாஸ்வேர்டு, ஏடிஎம் பின், யுபிஐ பின் ஆகியவை ஷீட்டில் இருந்தால் அவற்றைப் புதுப் பெட்டகத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே தன் ரகசிய விவரங்களைப் பிறரிடம் கொடுத்ததால் இழப்பு ஏற்பட்டால், அவர் வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணம் முழுவதும் அவர் தலையில்தான் விழும். உங்களை நம்பிக் கொடுத்தவருக்கு நாளை ஏதாவது ஆனால் வங்கி கையை விரித்துவிடும். பழி உங்கள் அலுவலகத்தின் மேல் வரும். அந்தப் பார்ட்டிகளைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, உங்க பேங்க் பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்திடுங்க, எங்ககிட்ட சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். வரி கட்டுவதற்குச் சலான் போட்டுக் கொடுத்தால் பணத்தை அவரே கட்டிக்கொள்ளலாம். உங்கள் சொந்த வங்கி லாகினும் வீட்டுச் சமாச்சாரமும் அலுவலகப் பெட்டகத்தில் சேரக் கூடாது; அதற்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருள் என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் பார்ப்பது, அல்லது ஒரே கணினியில் நடப்பது என்றால் கீபாஸ்எக்ஸ்சி போதும். இலவசம், திறந்தமூலம், எல்லாம் ஒரே கோப்பில் மறைகுறியாக்கப்பட்டு உங்கள் கணினியிலேயே இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் அதே கோப்பைக் கீபாஸ்டிஎக்ஸ் திறக்கும். அதன் பலவீனம் பலர் பகிர்வதில்தான். கூகுள் டிரைவில் கோப்பை வைத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்தால் இரண்டு பிரதிகள் உண்டாகும். பிறகு ஒன்றிணைக்கும் வசதியைக் கொண்டு நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மூன்று பேர் தினமும் தொடும் அலுவலகத்துக்குப் பிட்வார்டன் போன்ற பகிர்வுள்ள மேனேஜர்தான் என் பரிந்துரை. தனி ஆளுக்கு அதன் இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்டும், எத்தனை கருவியும் வைத்துக்கொள்ளலாம். பகிர்வில்தான் எல்லை வருகிறது: இலவச நிறுவனக் கணக்கில் 2 பேர், 2 கலெக்‌ஷன் (பலர் பகிரும் அடுக்கு) மட்டும். மூன்று பேருக்குக் கட்டணத் திட்டம் வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க மூன்று பேரும் ஒரே லாகினைப் பயன்படுத்துவது மட்டும் வேண்டாம். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அத்தனையும் சிக்கலாகிவிடும்.

கணக்குத் தொடங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிட்வார்டனில் அமெரிக்கச் சர்வர், ஐரோப்பியச் சர்வர் என இரண்டு பகுதிகள் உண்டு. எதில் தொடங்கினீர்களோ அதில்தான் லாகின் ஆகும். போனில் வேறு பகுதி தேர்வாகியிருந்தால், சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் தவறு என்றே சொல்லும்.

பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு விஷயத்தில் தமிழில் எழுதுகிற நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்ச் சொற்களை வைத்துக்கொள்ளலாம், நல்லதும்கூட. ஆனால் தமிழ் எழுத்தில் அடிக்காதீர்கள். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஒரு கீபோர்டு ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் உள்ளிட்டால் பெட்டகம் திறக்காமல் போகக்கூடும். அதனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ழகரம், ளகரம் வரும் சொற்களைத் தவிருங்கள். இன்றைக்கு எந்த எழுத்துக்கூட்டலில் அடித்தோம் என்று நாளைக்கு நினைவிருக்காது. குலதெய்வம், ஊர்ப் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் சுலபமாக ஊகிக்கப்படுபவை. சொற்களை நீங்களாக யோசித்துத் தேர்ந்தெடுக்காமல், ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட சொல்லை எடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே திருடுபோயின. பாஸ்வேர்டுகள் மறைகுறியாக்கப்பட்டிருந்தன, தள முகவரிகள் அப்படியே படிக்கக்கூடியதாக இருந்தன. அப்படிப்பட்ட நாளில் உங்களுக்கும் திருடனுக்கும் நடுவில் மிஞ்சுவது அந்த ஐந்து சொல் மட்டும்தான்.

இனி ஷீட்டைச் சுத்தம் செய்வது. அவசரப்பட்டால் பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும், ஆகவே இங்கேதான் நேரம் போகட்டும். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதி இருக்கும் ஃபோல்டர் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ தானாக ஏறாத ஃபோல்டராக இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பே ஒன்டிரைவோடு இணைந்திருக்கும் கணினிகள் நிறைய. முதலில் அதைப் பாருங்கள்.

நம் ஊர் ஷீட்டுகளில் அதிகம் காணும் கோளாறு 'மெர்ஜ்' செய்த கட்டங்கள். பார்ட்டி பெயரை ஒரு தடவை எழுதி, அவருடைய நான்கு லாகினுக்கும் சேர்த்து ஒரே கட்டமாக ஆக்கியிருப்பார்கள். பார்க்க அழகுதான். மேனேஜருக்குள் ஏற்றுவதற்காக ஷீட்டை சிஎஸ்வி என்ற வெற்று உரைக் கோப்பாக ஆக்கும்போது பெயர் முதல் வரிசையில் மட்டும் வரும், மற்ற மூன்றும் யாருடையது என்று தெரியாத அநாதைகளாகிவிடும். சரிசெய்ய: நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து மெர்ஜை நீக்குங்கள். எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல் போய், 'ப்ளாங்க்ஸ்' தேர்ந்தெடுங்கள். = அடித்து, மேல் அம்புக்குறியை ஒரு முறை அழுத்தி, கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள். வெற்றுக் கட்டங்கள் எல்லாம் மேலே உள்ள பெயரால் நிறையும். பிறகு அந்த நெடுவரிசையை நகலெடுத்து, அதே இடத்தில் 'வேல்யூஸ்' ஆக மட்டும் ஒட்டுங்கள்.

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்து. நிறமோ கட்டத்தின் கமென்டோ அதில் போகாது. 'சிவப்பு அடித்தது எல்லாம் கடை மூடிய பார்ட்டி', 'மஞ்சள் என்றால் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும்' என்பதுபோல வைத்திருந்தால், அதைத் தனி நெடுவரிசையில் சொல்லாக எழுதிவிடுங்கள். ரகசியக் கேள்விகளின் பதில்களைப் பலர் கமென்டில்தான் வைத்திருப்பார்கள். அவற்றையும் வெளியே எடுங்கள். சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போது திறந்திருக்கும் ஒரு ஷீட் மட்டுமே போகும் என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ்நாடு ஒரு ஷீட், கேரளா ஒரு ஷீட் என்றிருந்தால் முதலில் ஒன்றாக்குங்கள்.

எண்களில் அடுத்த சிக்கல். எக்செலுக்கு எண்ணாகத் தெரிவதையெல்லாம் அது எண்ணாகவே நடத்தும். 00451 என்ற பின், 451 ஆகிவிடும். 12-5 என்று அடித்தால் தேதியாகும். பிஎஃப் உறுப்பினரின் யுஏஎன் எண் 12 இலக்கம், கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) கன்ஸ்யூமர் எண் 13 இலக்கம். ஜெனரல் வடிவத்தில் இரண்டுமே 1.23E+11 என்பதுபோலப் பத்தடுக்குக் குறியீடாகக் காட்சியளிக்கும், சிஎஸ்வி-யிலும் காட்சியளிக்கிறபடியே எழுதப்பட்டுக் கடைசி இலக்கங்கள் காணாமல் போகும். அந்த நெடுவரிசையை 0 தசமமுள்ள எண் வடிவத்துக்கு மாற்றினால் இவை மீளும். 16 இலக்க எண்களுக்கு மீட்சி இல்லை. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 16-ஆவது இலக்கம் அடித்த நொடியிலேயே பூஜ்யமாகிவிடும். வடிவத்தை 'டெக்ஸ்ட்' என்று பிறகு மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது, தொலைந்த முன் பூஜ்யமும் திரும்பாது. மூல ஆவணத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

பாஸ்வேர்டு நெடுவரிசையில் இன்னும் நுட்பமான பிழைகள் ஒளிந்திருக்கும். முதலிரண்டு எழுத்தும் பெரிய எழுத்தாக இருந்தால் எக்செலின் தானியங்கித் திருத்தம் இரண்டாவதைச் சிறிதாக்கிவிடும். = + - @ ஆகியவற்றில் தொடங்கும் பாஸ்வேர்டைச் சூத்திரம் என்று நினைத்துப் பிழை காட்டும். வாட்ஸ்அப்பிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒட்டியவற்றின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். எழுத்து எண்ணிக்கையைக் காட்டும் லென் ஃபார்முலாவைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்: கண்ணுக்கு 10 எழுத்து, ஃபார்முலா 11 என்றால் இடைவெளி இருக்கிறது. ட்ரிம் ஃபார்முலா சாதாரண இடைவெளியை நீக்கும். இணையப் பக்கங்களிலிருந்து வரும் 160-ஆம் எண் இடைவெளியை நீக்காது, அதற்கு சப்ஸ்டிட்யூட் வேண்டும்.

பார்ட்டி பெயர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்டுகளில் அடிக்கப்பட்டிருந்தால் சிஎஸ்வி-யில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் வரும். அவற்றை எழுத்துரு மாற்றும் கருவி மூலம் யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். யூனிகோடில் இருக்கும் தமிழும் மலையாளமும் பத்திரமாகப் போகும், சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுத்தால். வெறும் 'சிஎஸ்வி' என்பதைத் தேர்ந்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். லிப்ரெஆஃபிஸ் கால்க் இருந்தால் இந்த வேலைக்கு அதுவே மேல். சேமிக்கும்போதே எழுத்துக் குறியாக்கத்தைக் கேட்கும், எல்லா உரைக் கட்டத்துக்கும் மேற்கோள்குறி போடும் வசதியும் தரும். பாஸ்வேர்டுக்குள் கமா இருந்தாலும் மேற்கோள்குறி காப்பாற்றிவிடும். சிஎஸ்வி ஆன பிறகு அதை இருமுறை தட்டி எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். முன் பூஜ்யமும் தேதிக் குழப்பமும் எல்லாம் மறுபடி தொடங்கும்.

நெடுவரிசைத் தலைப்புகளை எப்படி வைப்பது என்று தேடி அலைய வேண்டாம். பிட்வார்டனில் ஒரு போலிப் பதிவு போடுங்கள்: பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, முகவரி, குறிப்பு, ஒரு தனிப்பயன் புலம் (நீங்களே பெயர் வைக்கும் கூடுதல் கட்டம்), ஒரு ஃபோல்டர் எல்லாவற்றையும் நிரப்பி. பிறகு சிஎஸ்வி-யாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கோப்பின் முதல் வரிசைதான் உங்களுக்கு வேண்டிய தலைப்பு. அதை எழுத்து பிசகாமல் உங்கள் ஷீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் நெடுவரிசைகளை அதன் வரிசைப்படி அடுக்குங்கள். தனிப்பயன் புலங்கள் ஒரே கட்டத்துக்குள், வரிக்கு ஒன்றாக, பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்று எப்படி எழுதப்படுகின்றன என்பதும் அதிலேயே தெரியும். கீபாஸ்எக்ஸ்சி-யில் இந்தத் தொல்லை இல்லை. இறக்குமதித் திரையிலேயே எந்த நெடுவரிசை எந்தப் புலம் என்று நீங்கள் காட்டலாம், முன்னோட்டமும் தெரியும். ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), மொபைல் எண் போன்ற மேல்விவரங்களைக் குறிப்புப் புலத்துக்குள் சேர்த்துவிடுவது அங்கே சுலபம்.

முழு ஷீட்டையும் ஏற்றுவதற்கு முன் 5 வரிசைகளை மட்டும் வெட்டி ஏற்றிப் பாருங்கள். அந்த ஐந்தும் சிக்கலானவையாக இருக்கட்டும்: கமா உள்ள பாஸ்வேர்டு ஒன்று, முன் பூஜ்யம் உள்ளது ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று, பல வரிக் குறிப்பு ஒன்று, மேற்கோள்குறி உள்ளது ஒன்று. சரியாக வந்தால் அவற்றை நீக்கிவிட்டு முழுவதையும் ஏற்றுங்கள். பிட்வார்டன் இறக்குமதியில் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிப்பதில்லை. இரண்டு தடவை ஏற்றினால் எல்லாமே இரண்டிரண்டாக நிற்கும். இலவச நிறுவனக் கணக்குக்குள் நேராக ஏற்றும்போது, கோப்பில் இரண்டுக்கு மேல் புதிய கலெக்‌ஷன் பெயர்கள் இருந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று இறக்குமதியே நின்றுவிடும்.

அடுக்கும் முறையில் உங்கள் ஊருக்கென்று ஒரு தனித்தன்மை இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். ஒரே குடும்பத்துக்கு மலைக்கு இரண்டு பக்கமும் சொத்தும் தொழிலும் இருப்பது அங்கே சகஜம். ஒரே பான், ஆனால் ஜிஎஸ்டி பதிவு இரண்டு. ஜிஎஸ்டிஐஎன்-இன் 15 எழுத்தில் முதலிரண்டு மாநிலக் குறி: தமிழ்நாடு 33, கேரளா 32. அடுத்த 10 எழுத்து பான், இரண்டிலும் ஒன்றேதான். அவசரத்தில் ஒருவருக்கு 33-க்குப் பதில் 32-ஐத் திறந்து ரிட்டர்ன் போடும் ஆபத்து நிஜமானது. ஆகவே பதிவின் பெயரிலேயே மாநில எண் வர வேண்டும்: முதலில் பார்ட்டியின் சுருக்கப் பெயர், பிறகு தளம், பிறகு 32 அல்லது 33. 'முருகன் டிரேடர்ஸ் – ஜிஎஸ்டி – 33', 'முருகன் டிரேடர்ஸ் – ஜிஎஸ்டி – 32' என்று அடுத்தடுத்து நிற்கும்போது கண் தானாக எண்ணைப் பார்க்கும். தளத்தின் பெயரை முதலில் வைத்தால், ஜிஎஸ்டி என்று தொடங்கும் நூறு பதிவுகளுக்குள் தேட வேண்டிவரும்.

ஜிஎஸ்டி தளத்தின் பயனர் பெயர் பார்ட்டி தானாகத் தேர்ந்தெடுத்தது. அதைப் பார்த்து யாரென்று சொல்ல முடியாது. முழு ஜிஎஸ்டிஐஎன்-ஐத் தனிப்பயன் புலத்தில் வையுங்கள். அதே பதிவில் இன்னொரு புலம் கட்டாயம் வேண்டும்: ஓடிபி யார் போனுக்கு வரும் என்பது. இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வரிசெலுத்துவோருக்கும் இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி எஸ்எம்எஸ்ஸாகவோ, சந்தேஸ் செயலியிலோ, என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலியிலோ வரும். பாஸ்வேர்டு கையில் இருந்தும் ஓடிபி புனலூர்க் கடையிலிருக்கும் சேட்டனின் போனுக்குப் போனால், மாநில எல்லையான புளியரையில் லாரி நின்றுகொண்டிருக்கும். இதற்குச் சரியான வழி, பார்ட்டியின் முதன்மை லாகினைப் பகிராமல், இ-வே பில் தளத்திலேயே உங்கள் ஆட்களுக்குத் துணைப் பயனர் கணக்கு உருவாக்கச் சொல்வது. துணைப் பயனருக்கு அவரவர் மொபைலுக்கே ஓடிபி வரும், யார் எந்த பில் போட்டார் என்பதும் தெரியும்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் பின்னை மறைப் புலமாகப் போடுங்கள். தவறாகப் பலமுறை அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். ஊகித்து அடிக்கும் பழக்கம் அங்கே ஆபத்து.

ஃபோல்டர், கலெக்‌ஷன் இரண்டும் வேறு. பிட்வார்டனில் ஃபோல்டர் உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் அடுக்கு, கலெக்‌ஷன் பலர் பகிரும் அடுக்கு. ஒரு பதிவு பல கலெக்‌ஷனில் இருக்கலாம். கலெக்‌ஷனைத் தளவாரியாகப் பிரிப்பதைவிட, யாருக்கு எது தேவை என்பதை வைத்துப் பிரிப்பதே சரி. பில் போடும் தம்பிக்கு இ-வே பில் போதும், வருமான வரி லாகின் அவர் கண்ணில் படவே வேண்டாம். கேரளப் பதிவுகளைப் பார்ப்பவர் ஒருவர் என்றால் அது ஒரு கலெக்‌ஷன். நான்கைந்துக்கு மேல் போனால் எதை எங்கே வைத்தோம் என்ற பழைய குழப்பமே திரும்பும். மீதியைப் பெயரும் தேடலும் பார்த்துக்கொள்ளும்.

தள முகவரி விஷயத்தில் ஒரு நுட்பம். மேனேஜர் இயல்பாக முதன்மை டொமைனை (தள முகவரியின் கடைசிப் பகுதியை) வைத்துத்தான் எந்தப் பாஸ்வேர்டைக் காட்டுவது என்று முடிவு செய்யும். கேரள அரசின் நிலவரித் தளமும் இ-டிஸ்ட்ரிக்ட் தளமும் ஒரே 'கேரளா டாட் கவ் டாட் இன்' கீழே இருப்பதால், ஒன்றைத் திறந்தால் எல்லாப் பதிவும் வரிசையாக வந்து நிற்கும். தமிழ்நாட்டின் பட்டா தளமும் இ-சேவைத் தளமும் அப்படியே. இந்தப் பதிவுகளுக்கு மட்டும் பொருத்தும் முறையை 'ஹோஸ்ட்' (தளத்தின் முழுப் பெயரையும் ஒப்பிடுவது) என்று மாற்றிவிடுங்கள். முகவரியை வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பிலிருந்து எடுக்காதீர்கள். நீங்களே தளத்தைத் திறந்து, லாகின் பக்கத்திலிருந்து எடுங்கள். 'இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று வரும் போலிச் செய்தியின் இணைப்பைத் தட்டினால், பக்கம் அசலைப் போலவே இருக்கும், ஆனால் மேனேஜர் பாஸ்வேர்டைக் காட்டாது. அது காட்டவில்லை என்றால் கையால் ஒட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள். ஷீட்டை விட்டு வருவதால் கிடைக்கும் பெரிய ஆதாயம் எனக்கு இதுதான்.

இனிப் பாஸ்வேர்டுகளை மாற்றுவது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது, வரிசை முக்கியம். பாஸ்வேர்டை மீட்கும் இணைப்புகள் எல்லாம் வந்து சேரும் மின்னஞ்சல் முதலில். அது போனால் எல்லாம் போகும். அடுத்து வருமான வரி, ஜிஎஸ்டி, பிஎஃப். பிறகு மின்வாரியம் முதலான மற்றவை. ரிட்டர்ன் கடைசி நாட்களில், அதாவது மாதத்தின் 11, 20 தேதிகளை ஒட்டி, இந்த வேலையில் கை வைக்காதீர்கள். ஷீட்டில் ஒரே பாஸ்வேர்டு எத்தனை இடத்தில் என்று கவுன்ட்இஃப் கொண்டு எண்ணினால் முழுதாக நம்ப வேண்டாம். அது பெரிய, சிறிய எழுத்தை வேறுபடுத்தாது, *? ஆகியவற்றை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும். கீபாஸ்எக்ஸ்சி-யில் இதற்கென்றே அறிக்கை வசதி உண்டு.

நீளமாக வைக்க ஆசைப்பட்டாலும் தளங்கள் விடாது. வருமான வரித் தளம் 8 முதல் 14 எழுத்து, ஜிஎஸ்டி தளம் 8 முதல் 15. உருவாக்கும் கருவியில் முறையே 14, 15 என்று வையுங்கள். புதிய பாஸ்வேர்டை முதலில் மேனேஜரில் உருவாக்கிச் சேமித்து, அதன் பிறகே தளத்தில் ஒட்டுங்கள். தளத்தில் மாற்றிவிட்டுச் சேமிக்க மறந்தால், மீட்பு ஓடிபிக்காகப் பார்ட்டியைத் தேட வேண்டும். மாற்றிய கையோடு பிரவுசரின் மறைநிலைச் (இன்காக்னிடோ) சாளரத்தில் ஒரு முறை லாகின் செய்து பாருங்கள். சில தளங்கள் எல்லை தாண்டிய எழுத்துகளைச் சொல்லாமலே வெட்டிவிடும். பழைய பாஸ்வேர்டு வேண்டுமானால் பிட்வார்டன் கடைசி 5-ஐ வைத்திருக்கும். பதிவான மின்னஞ்சலும் மொபைலும் உங்களுடையதாக இருந்தால், இதுதான் அவற்றைப் பார்ட்டியின் பேருக்கு மாற்றும் சமயமும். ஜிஎஸ்டியில் அது நான்-கோர் திருத்தம், அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை.

எல்லாம் ஏறி, தினசரி வேலை ஒரு மாதம் தடையில்லாமல் நடந்த பிறகு மூல ஷீட்டை அழிக்கலாம். ஆனால் சிஎஸ்வி-யை இறக்குமதி முடிந்த அன்றே அழிக்க வேண்டும், அதில் எந்தப் பூட்டும் இல்லை. ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ், எக்செலின் தானியங்கி மீட்புக் கோப்புகள், கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி (30 நாள் அங்கேயே இருக்கும்), அனுப்பிய மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர், டாலி பேக்கப் எடுக்கும் பென் டிரைவ், மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிரின்ட் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஸ்எஸ்டி வகை வட்டில் அழித்தது மீளாது என்று உறுதி சொல்ல முடியாது. பாஸ்வேர்டை மாற்றச் சொன்னதற்கு அதுவும் காரணம். குரோமில் சேமித்திருப்பவற்றையும் நீக்கி, சேமிக்கவா என்று கேட்பதை அணைத்துவிடுங்கள். விண்டோஸின் கிளிப்போர்டு வரலாறு இயங்கினால் அதையும் அணைத்து, மேனேஜரில் கிளிப்போர்டைத் தானாக அழிக்கும் நேரத்தை 30 வினாடியாக வையுங்கள்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் நிறுவனக் கணக்கிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, அவர் பார்த்த கலெக்‌ஷனில் உள்ளவற்றை மாற்ற வேண்டும். 'பாஸ்வேர்டை மறை' என்ற அனுமதியை நம்பாதீர்கள். தளத்தில் நிரப்பிய பாஸ்வேர்டைப் பிரவுசரிலேயே பார்த்துவிடலாம்.

அவசரத்துக்கு ஒரு காகிதம். மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் பிட்வார்டன் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. காகிதத்தில் மாஸ்டர் பாஸ்வேர்டு, கணக்கின் மின்னஞ்சல், சர்வர் பகுதி, இரண்டாம் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடு நான்கும் இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாம் சரிபார்ப்பு வைக்காத கணக்குகளுக்கு, 2025 முதல் புதிய கருவியில் நுழையும்போது பிட்வார்டன் மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்புகிறது. மின்னஞ்சல் பாஸ்வேர்டு பெட்டகத்துக்குள் மட்டும் இருந்தால், பெட்டகம் திறக்க மின்னஞ்சல், மின்னஞ்சல் திறக்கப் பெட்டகம் என்று மாட்டிக்கொள்வீர்கள். காகிதம் உறையில் ஒட்டப்பட்டு வங்கி லாக்கரிலோ வீட்டு பீரோவிலோ இருக்கட்டும், அலுவலக டிராயரில் வேண்டாம்.

மாதம் ஒரு முறை பேக்கப் எடுங்கள். மறைகுறியாக்கிய ஜேசன் வடிவில், 'பாஸ்வேர்டால் பாதுகாக்கப்பட்டது' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். 'கணக்குக்கு மட்டும்' என்ற வகை வேறு கணக்கில் திறக்காது, கணக்கே போய்விட்டால் அந்த பேக்கப்பால் பயனில்லை. உங்கள் தனிப் பெட்டகத்தை ஏற்றுமதி செய்தால் நிறுவனப் பதிவுகள் அதில் வராது. அவற்றைத் தனியே எடுக்க வேண்டும். மூன்று பேரில் யாரோ எடுத்திருப்பார் என்று விட்டுவிடாமல் ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.

கடைசியாக, கோட்டவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலைக் காட்டுப் பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும். பார்ட்டி கடைக்குப் போய் வேலை பார்ப்பவரின் போனில், நேரம் கடந்தால் செய்ய வேண்டியது 'லாக்' என்று இருக்கட்டும், 'லாக்-அவுட்' வேண்டாம். லாக் என்றால் இணையம் இல்லாமலும் மாஸ்டர் பாஸ்வேர்டோ கைரேகையோ வைத்துத் திறந்து, கடைசியாக ஒத்திசைந்த பிரதியைப் பார்க்கலாம்; புதிதாகச் சேர்ப்பது, திருத்துவது மட்டும் சிக்னல் வந்த பிறகு. லாக்-அவுட் ஆகியிருந்தால் மலை இறங்கும்வரை எதுவும் தெரியாது. புறப்படுவதற்கு முன் செங்கோட்டையிலேயே ஒரு முறை ஒத்திசைவை அழுத்திவிட்டால் போதும். போன இடத்தில் பிரவுசிங் சென்டரிலோ கேரளாவின் இ-சேவை மையமான அக்‌ஷயாவிலோ உட்கார வேண்டியிருந்தால் அந்தக் கணினியில் பெட்டகத்தைத் திறக்காதீர்கள். போனில் பார்த்து, தேவையான ஒரு பாஸ்வேர்டை மட்டும் கையால் அடித்து, திரும்பி வந்ததும் அதை மாற்றிவிடுங்கள்.